எஃப் அண்ட் ஓ மீதான பரிவர்த்தனை வரி உயர்வு: நெல்லைப் பக்கத்து முதலீட்டாளர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தாழையூத்துக்காரர் (இழையைத் தொடங்கியவர்)

பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் சந்தையைத் திறந்து வைத்துக்கொண்டு நிதியமைச்சர் 2026ஆம் ஆண்டு பட்ஜெட்டை வாசித்தார். எஃப் அண்ட் ஓ என்பது ஃபியூச்சர் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம்), ஆப்ஷன் (அப்படி வாங்கவோ விற்கவோ உரிமை மட்டும் தரும் ஒப்பந்தம்) இரண்டும் சேர்ந்தது. ஃபியூச்சர் விற்பனை மீதான பங்குப் பரிவர்த்தனை வரியை (நம் வாயில் எஸ்.டி.டி.) 0.02 சதவீதத்திலிருந்து 0.05 ஆகவும், ஆப்ஷன் பிரீமியம் (அந்த உரிமைக்கான விலை) மீதானதை 0.1 சதவீதத்திலிருந்து 0.15 ஆகவும் ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்போவதாக அறிவித்தார். அன்றைய வணிகம் முடிவதற்குள் சென்செக்ஸ் சுமார் 1,500 புள்ளிகள் சரிந்தது. ஊக வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று அரசுத் தரப்பு விளக்கம் கொடுத்தது. சந்தைக்காரர்கள் கொதித்தார்கள். இரண்டு தரப்பும் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்ட பிறகும் என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதால் இங்கே வைக்கிறேன்.

இந்த வரியின் பிறப்பைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 2004 ஜூலையில் ப. சிதம்பரம் தம் பட்ஜெட்டில் பங்குப் பரிவர்த்தனைக்கு 0.15 சதவீத வரியை முன்மொழிந்தார். தரகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த மாதமே அவர் இறங்கி வந்து, டெலிவரி (பங்கையே கைமாற்றிக்கொள்வது) எடுப்பவருக்கும் கொடுப்பவருக்கும் 0.075 வீதம் பிரித்து, அன்றன்றே வாங்கி விற்பதற்கும் எஃப் அண்ட் ஓவுக்கும் வீதத்தை வெகுவாகக் குறைத்து, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஈடாக, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்குகளின் ஆதாயத்துக்கு வருமான வரி கிடையாது என்று சொன்னார். அதாவது அது ஒரு கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தம். லாபத்துக்குக் கணக்குக் காட்டாமல் ஏய்ப்பவர்களைத் துரத்திக்கொண்டிருப்பதை விட, பரிவர்த்தனை நடக்கும் இடத்திலேயே சிறு தொகையைப் பிடித்துக்கொள்வோம் என்ற எண்ணம். அதில் நியாயம் இருந்தது.

2018இல் அருண் ஜெட்லி நீண்டகால ஆதாய வரியை 10 சதவீதமாகத் திரும்பக் கொண்டுவந்தார். 2024இல் அது 12.5 ஆனது, குறுகிய கால ஆதாய வரி 20 ஆனது. ஆனால் பரிவர்த்தனை வரி மட்டும் போகவில்லை. எங்கள் ஊர் சிமெண்ட் ஆலையை நம்பி வாழ்ந்த ஊர். இந்தியா சிமெண்ட்ஸ் பங்கைக் காகிதச் சான்றிதழாக இரும்புப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு டீமேட் எனும் மின்னணுக் கணக்குக்கு மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் இன்று ஒரு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் 100 ரூபாய், விற்றால் இன்னொரு 100 ரூபாய், ஆதாயம் வந்தால் அதற்கும் தனியே வரி. ஒப்பந்தத்தில் ஒரு பாதியை அரசு முறித்துவிட்டு, மறு பாதியை வைத்துக்கொண்டிருக்கிறது. எஃப் அண்ட் ஓ பற்றிய இந்தக் கூச்சலில் இதை யாருமே பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

வண்ணார்பேட்டை டிரேடர்

அண்ணாச்சி, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் கூச்சல் என்று நீங்கள் சொல்வது எங்களுக்குப் பிழைப்பு. நான் நாலு வருடமாக நிஃப்டி ஃபியூச்சர் செய்கிறேன். நிஃப்டி 25,000 இருக்கும்போது 65 எண்ணிக்கை கொண்ட ஒரு லாட்டின் (குறைந்தபட்ச ஒப்பந்தத் தொகுதியின்) மதிப்பு 16,25,000 ரூபாய். அதை விற்கும்போது இதுவரை 325 ரூபாய் வரி. ஏப்ரலுக்குப் பிறகு 812 ரூபாய் 50 காசு. புள்ளிக் கணக்கில் சொன்னால், இந்த ஒரு வரிக்கு மட்டுமே சந்தை எனக்குச் சாதகமாக 12.5 புள்ளி நகர வேண்டும். முன்பு 5 புள்ளி போதும். நஷ்டத்தில் விற்றாலும் அதே 812.50 தான். வருமான வரி என்றால் வருமானம் வந்த பிறகு கேட்பார்கள். இது நான் அடிபட்டு வெளியே வரும்போதும் கையை நீட்டுகிறது.

2024 மே மாதம் மும்பையில் நடந்த கூட்டத்தில் ஒரு தரகர் நிதியமைச்சரிடம், அரசு என்னுடைய 'ஸ்லீப்பிங் பார்ட்னர்', நானோ வருமானமே இல்லாத 'வொர்க்கிங் பார்ட்னர்' என்று கேட்டாரே, அந்தக் காணொளியை எல்லோரும் சிரித்துக்கொண்டே பகிர்ந்தோம். அமைச்சரும் சிரித்தார். இரண்டே மாதத்தில் ஜூலை பட்ஜெட்டில் ஃபியூச்சர் வரியை 0.0125இலிருந்து 0.02 ஆக்கினார்கள்.

அம்பை ஆசிரியை

வண்ணார்பேட்டைத் தம்பிக்கு, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறவள். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை நிதானமாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்திருக்கிறார்கள். சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம். மொத்தமாக 1.8 லட்சம் கோடிக்கு மேல். இன்னொரு விவரமும் அதில் இருக்கிறது: இவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு என்று அறிவித்தவர்கள். பெரும்பாலோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். அதாவது மும்பைக்காரர்கள் அல்ல. அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் போன்ற ஊர்க்காரர்கள்.

எங்கள் பள்ளியில் படித்து வெளியேறிய பையன்கள் ஒப்பந்தங்கள் முடியும் நாளான செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி அன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மூன்றரை மணி வரை தேநீர் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்க்கிறேன். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வீட்டார் கொடுத்த பணம். இப்படிப்பட்ட வணிகத்தை அரசு வரி போட்டுச் சற்றே கடினமாக்கினால், அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பாளை கணக்கர்

நான் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன். டீச்சர் அம்மா சொல்லும் நஷ்டக் கணக்குகள் ஒவ்வொரு ஜூலையிலும் என் மேசைக்கு வருகின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த வரி அந்தப் பையன்களைத் தடுக்குமா என்பதை ஒரு காண்ட்ராக்ட் நோட்டை (தரகர் தரும் கணக்குச் சீட்டை) விரித்து வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு பையன் 100 ரூபாய் பிரீமியத்தில் நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 6,500. நாலு ரூபாய் ஏறியதும் 104க்கு விற்கிறான், வந்தது 6,760. லாபம் 260. தள்ளுபடித் தரகர் வாங்கும்போது 20, விற்கும்போது 20, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 47 ரூபாய் 20 காசு. சந்தைக் கட்டணம் நாலைந்து ரூபாய். எஸ்.டி.டி. இதுவரை 6 ரூபாய் 76 காசு, இனி 10 ரூபாய் 14 காசு. கூடுதல் சுமை மூன்றரை ரூபாய் கூட இல்லை. ஒரே நிமிடத்தில் ஆயிரம் ரூபாய் போனாலும் அடுத்த ஆர்டரைத் தட்டுகிறவன், இந்த மூன்றரை ரூபாய்க்காகக் கைபேசியைக் கீழே வைப்பானா?

மறுபக்கம், ஃபியூச்சரில் உயர்வு இரண்டரை மடங்கு. ஆனால் சிறு முதலீட்டாளர் பெரும்பாலும் இருப்பது ஆப்ஷன் பக்கம்தான். ஃபியூச்சருக்கு லட்சத்துக்கு மேல் மார்ஜின் எனும் பிணைத் தொகை கட்ட வேண்டும். கையில் உள்ள பங்குகள் விலை இறங்கினால் காப்பாக இருக்கட்டும் என்று ஃபியூச்சரை விற்று வைப்பவரும் அங்கேதான் இருக்கிறார். ஆகவே எந்தப் பையனைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்களோ அவன் மேல் லேசாகவும், நிதானமாகக் காப்பு எடுப்பவர் மேல் கனமாகவும் விழுகிறது இந்த வரி. நோக்கம் தடுப்பது என்றால் இதன் அமைப்பு தலைகீழாக இருக்கிறது.

தென்காசித் தராசு

நோக்கம் தடுப்பதே அல்ல, வசூல். 2025-26 பட்ஜெட்டில் இந்த வரியிலிருந்து 78,000 கோடி எதிர்பார்ப்பதாக அரசே எழுதிவைத்தது. ஊக வணிகம் குறைய வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் அரசு, அது குறையாமல் இருந்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய தொகையை வரவில் வைக்குமா? நாங்குநேரி சுங்கச்சாவடியில் கட்டணத்தை உயர்த்துகிறவர்கள், வண்டிகளைக் குறைப்பதற்காக உயர்த்துகிறோம் என்று சொன்னால் நாம் நம்புவோமா?

வெளிநாட்டு அனுபவத்தையும் பாருங்கள். ஸ்வீடன் 1984இல் இப்படி ஒரு வரியைக் கொண்டுவந்து, 1986இல் இரட்டிப்பாக்கியது. அந்நாட்டுப் பங்கு வணிகத்தின் பெரும்பகுதி லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 1991இல் வரியையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1914 முதல் 1965 வரை பங்கு மாற்றத்துக்கு மத்திய அரசு வரி இருந்தது. அதற்குப் பிறகு செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் பங்குகளுக்கு 0.5 சதவீதம் என்று மசோதா கொண்டுவந்தும் அது நிறைவேறவில்லை. 2020இல் நியூ ஜெர்சி மாநிலம் ஒரு பரிவர்த்தனைக்கு கால் சென்ட் என்று பேச்செடுத்ததுமே, அங்கே கணினி மையம் வைத்திருந்த சந்தைகள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவோம் என்று மிரட்டின.

அம்பை ஆசிரியை

தராசு ஐயா ஸ்வீடனைச் சொன்னால் பிரிட்டனையும் சொல்ல வேண்டும். அங்கே பங்கு வாங்குபவர் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை கட்டுகிறார். நம் டெலிவரி வீதத்தைப் போல் ஐந்து மடங்கு. லண்டன் சந்தை அதனால் ஓடிப்போய்விடவில்லை. காரணம், அந்த வரி தரகர் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. பங்கு எந்த நாட்டு நிறுவனத்துடையது என்பதைப் பார்க்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனப் பங்கை வாங்கினாலும் கட்டியாக வேண்டும். ஸ்வீடனின் வரியோ உள்நாட்டுத் தரகர் வழியாக நடக்கும் வணிகத்தைப் பிடித்தது. ஆகவே தரகரை மாற்றினால் வரியிலிருந்து தப்பிவிடலாம். பிரான்சும் 2012இல் பிரிட்டன் வழியில் தன் பெரிய நிறுவனங்களின் பங்குகளுக்குப் போட்டது; 2025இல் அதை 0.4 சதவீதமாக உயர்த்தியும் இருக்கிறது. ஆக, வரி போட்டாலே சந்தை ஓடிவிடும் என்பது பாதி உண்மைதான்.

வரவில் எழுதியதாலேயே நோக்கம் பொய் என்பதையும் ஏற்க முடியவில்லை. மதுவுக்கும் புகையிலைக்கும் வரி போடும் எந்த அரசும் வரவில் எழுதாமலா இருக்கிறது?

வண்ணார்பேட்டை டிரேடர்

அக்கா, பிரிட்டன் வழியை நம் அரசு பின்பற்றினால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் குஜராத்தில் கிஃப்ட் சிட்டி என்று ஒரு பன்னாட்டு நிதி மையம் இருக்கிறதே. அங்கே அந்நியச் செலாவணியில் நடக்கும் வணிகத்துக்கு எஸ்.டி.டி. கிடையாது. முன்பு சிங்கப்பூரில் நடந்துகொண்டிருந்த நிஃப்டி ஃபியூச்சர் 2023 ஜூலை முதல் அங்கேதான் நடக்கிறது. அதே நிஃப்டி, அதே புள்ளி. வெளிநாட்டு நிதி நிறுவனம் அங்கே விற்றால் வரி இல்லை. நான் வண்ணார்பேட்டையில் உட்கார்ந்து விற்றால் 812 ரூபாய். அந்த வாசல் எனக்குத் திறக்கவும் திறக்காது.

நீங்கள் படித்த செபி ஆய்விலேயே எங்கள் நஷ்டம் யாருடைய லாபமாகப் போனது என்றும் இருக்கிறது. 2023-24இல் சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் தரகு நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் மொத்த லாபம் பார்த்தார்கள். அதில் 95 சதவீதத்துக்கு மேல் அல்கோ எனப்படும் கணினி நிரல் வழியாக வந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க வணிக நிறுவனமான ஜேன் ஸ்ட்ரீட் மீது சந்தையைத் திரித்ததாகக் குற்றஞ்சாட்டி, 4,843 கோடியைப் பிடித்து வைக்க செபி இடைக்கால ஆணை போட்டது. அந்த நிறுவனம் அதை மறுத்தது. முடிவு எப்படியும் போகட்டும். எங்களைப் பாதிப்பது அந்த வேகமும் அந்த அளவும்தான். அதற்கு வரி வைத்தியம் ஆகாது, கண்காணிப்புத்தான் ஆகும்.

பேட்டைவாசி

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மைத்துனன் ஆப்ஷனில் விட்டது ஏழு லட்சம். மூன்று லட்சம் நகைக்கடன். வீட்டில் தெரிந்தபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "இன்னும் ஒரே ஒரு எக்ஸ்பைரி, எடுத்துவிடுவேன்" என்பதுதான். கணக்கர் ஐயா சொன்ன மூன்றரை ரூபாய்க் கணக்கை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அவனை நிறுத்தியது வரி அல்ல. 2024 நவம்பரில் செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியதும், வாராந்திர எக்ஸ்பைரியைச் சந்தைக்கு ஒன்று என்று சுருக்கியதும்தான் அவன் கையைக் கொஞ்சம் கட்டின. பாங்க் நிஃப்டி வாராந்திர ஆப்ஷன் நின்றுபோன மாதம் அவன் வீட்டில் சண்டை குறைந்தது. தடுக்க வேண்டும் என்றால் அப்படித் தடுக்க வேண்டும்.

அம்பை ஆசிரியை

பேட்டைவாசி தம்பி, படித்ததும் மனம் கனத்துப்போனது. விதிகள் வரியை விட வலுவான மருந்து என்பதற்கு உங்கள் வீடே சாட்சி என்றால், அதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. ஆனாலும் வரி வேண்டாம் என்று ஆகிவிடாது. இவ்வளவு பெரிய வணிகத்திலிருந்து பொதுக் கருவூலத்துக்கு ஒரு பங்கு வருவது தவறில்லை. சோப்புக்கும் செருப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள்தானே நாம்.

பாளை கணக்கர்

பொதுக் கருவூலம் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அரசியல் மேடைகளில் யாரும் தொடாத இடம் இது. பங்குச் சந்தைப் பரிவர்த்தனைக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் ஒன்றியப் பட்டியலில் 90ஆம் இனம். மாநிலம் இதில் கை வைக்க முடியாது. வசூலாவது பகிர்வுத் தொகுப்புக்குள் போய், அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அந்த 41இல் தமிழ்நாட்டுக்குச் சுமார் 4 சதவீதம். டிரேடர் தம்பி கட்டப்போகும் 812.50இல் நம் மாநிலத்துக்கு வருவது தோராயமாக 13 ரூபாய். அதே லாட்டை வாங்குபவரிடம் பிடிக்கும் முத்திரைத் தீர்வை 0.002 சதவீதம், அதாவது 32 ரூபாய் 50 காசு. 2020 ஜூலை முதல் அது வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்கே போய்ச் சேருகிறது. ஒரே வணிகம், ஒன்றிய அரசு தன் வரியை இரண்டரை மடங்காக்கிக்கொண்டது, தீர்வையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. வரியைப் பிறப்பித்தவர் சிவகங்கைக்காரர், இப்போது உயர்த்துகிறவர் மதுரையில் பிறந்தவர். இருந்தும் தமிழ்நாட்டுக்கு 13 ரூபாய்தான்.

தாழையூத்து அண்ணாச்சியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். எஃப் அண்ட் ஓ செய்கிறவர் அதை வணிக வருமானமாகக் காட்டினால், கட்டிய எஸ்.டி.டி.யைச் செலவாகக் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பங்கை வாங்கி வைத்திருந்து மூலதன ஆதாயமாகக் காட்டுகிறவருக்கு அந்தக் கழிவு கிடையாது. ஆக, யாரை அரசு சூதாடி என்று மேடையில் சொல்கிறதோ அவருக்குக் கழிவு உண்டு. யாரைப் பொறுப்பான முதலீட்டாளர் என்று புகழ்கிறதோ அவருக்கு இல்லை. எனக்குத் தெரிந்து இந்த வரியில் உள்ள மிகப் பெரிய கோணல் இதுதான். இது இரட்டை வரி என்று ஒருவர் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

தென்காசித் தராசு

கணக்கர் சொன்ன இந்தக் கோணலை மட்டும் எதிர்க்கட்சியோ ஆளுங்கட்சியோ ஒருவர் மக்களவையில் எழுந்து கேட்டால் போதும். 2004இல் தரகர்கள் கத்தினார்கள், அந்த மாதமே குறைந்தது. டெலிவரி எடுப்பவன் கத்த மாட்டான். அவனுக்குச் சங்கமும் இல்லை. இருபது வருடமாக அவன் தலையில் இது நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

தாழையூத்துக்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவும் டிரேடர் தம்பியும் எதிரெதிராகத் தொடங்கினாலும், தடுக்க வேண்டியதை விதியால் தடுக்கட்டும் என்ற இடத்துக்கு இருவரும் வந்திருக்கிறார்கள். என் நிலை இதுதான்: எஃப் அண்ட் ஓ வரி எந்த வீதத்தில் இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. டெலிவரி எடுத்து ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பவருக்கு, கட்டிய பரிவர்த்தனை வரியை ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவாவது விட வேண்டும். நிதி மசோதா நிறைவேறுவதற்குள் நம் தொகுதி உறுப்பினருக்கும் தென்காசி, தூத்துக்குடி உறுப்பினர்களுக்கும் இந்த ஒரே கோரிக்கையைக் கடிதமாக அனுப்பலாம் என்றிருக்கிறேன். கணக்கர் ஐயா வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பாளை கணக்கர்

கண்டிப்பாக, அண்ணாச்சி. கடிதத்தில் சட்டப் பிரிவு எண்ணைக் குறிப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பழைய எண்கள் பொருந்தாது. நாளை மாலைக்குள் பார்த்து அனுப்புகிறேன்.

வண்ணார்பேட்டை டிரேடர்

கணக்கர் சார், ஒரு சந்தேகம். மார்ச்சில் வாங்கி வைத்த ஏப்ரல் மாத ஃபியூச்சரை ஏப்ரல் முதல் வாரத்தில் விற்றால் எந்த வீதம் பிடிப்பார்கள்?

பாளை கணக்கர்

வரி விற்பனைக்குத்தான், வாங்கிய தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ விற்றால் 0.05. மார்ச் மாதத்துக்குள் விற்றால் பழைய 0.02.